உன் காணியை விற்க வந்த கூட்டம்

அன்புள்ள மகளுக்கு,

போனில் பாதிதான் சொன்னேன். நீ அந்தப் பக்கம் அழத் தொடங்க, இந்தப் பக்கம் அப்பா போனைப் பறித்து "வெட்டுவன், கொத்துவன்" என்று நிற்க, என்ன நடந்தது என்று உனக்கு ஒழுங்காக விளங்கியிருக்காது. அதுதான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். முதலில் ஒன்றை மனதில் வை: கொக்குவில் காணி போகவில்லை. பதிவகத்தில் ஆள் வைத்துத் தேடிப் பார்த்தாயிற்று, உன் சீதன உறுதிப் பத்திரத்துக்குப் பிறகு அந்தக் காணிக்கு ஒன்றும் பதியப்படவில்லை. போகப் பார்த்தது. ஒரு நாள் பிந்தியிருந்தால் பெரிய தலையிடி, அவ்வளவுதான்.

மற்றது, நீ சொன்னாயே, "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அம்மா, பெரியப்பாட மகன் அண்ணாவுக்கு எனக்காகக் கையெழுத்து வைக்க அற்றோர்ணி எழுதிக் குடுக்கிறன், பேசாமல் வித்துப்போட்டு இருப்பம்" என்று, அது வேண்டாம். ஏன் வேண்டாம் என்று போகப் போக எழுதுகிறேன், பொறுமையாக வாசி. மருமகனுக்கும் வாசிக்கக் கொடு, இந்தக் கதையில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது, அவருக்குத்தான் அது தெரியாது.

நல்லூர்க் கொடியேறிய கையோடுதான் உன் காணியை விற்கிற வேலையை அந்தக் கூட்டத்தார் தொடங்கியிருக்கிறார்கள். நாள் பார்த்துச் செய்திருக்கிறார்கள் என்று இப்போதுதான் விளங்குகிறது. இருபத்தைந்து நாள் திருவிழா, ஊர் முழுக்க வெளிநாட்டிலிருந்து வந்த சனம், எந்த ஒழுங்கைக்குள் எந்த வான் நின்றாலும் ஒருவரும் "ஆர் நீங்கள்" என்று கேட்பதில்லை, கோயிலைச் சுற்றி றோட்டெல்லாம் பூட்டு, வந்தவர்கள் தேரும் தீர்த்தமும் முடிந்த கையோடு பிளேன் ஏற வேண்டியவர்கள், ஆகவே எல்லாருக்கும் அவசரம். 2016 பெப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியின் காசில் கை வைத்தார்களே, அவர்களும் இப்படித்தான் நாள் பார்த்தார்கள். அந்த நாட்டில் வெள்ளியும் சனியும் லீவு, அதனால் வியாழன் இரவு வேலையைத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை டாக்காவில் ஆட்கள் வந்து விழித்துப் பார்க்கும்போது அந்தக் காசு கிடந்த நியூயோர்க் வங்கி பூட்டு. திங்கட்கிழமை, காசு போய்ச் சேர்ந்த மணிலாவில் சீனப் புத்தாண்டு. 951 மில்லியன் டொலருக்குக் கட்டளை அனுப்பி, 81 மில்லியன் கையை விட்டுப் போனது. 20 மில்லியன் எங்கள் நாட்டுக்கும் வந்தது, பெறுபவரின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தபடியால் இடையில் நின்ற வங்கி சந்தேகப்பட்டுக் கேட்க, அந்தப் பங்கு திரும்பிப் போயிற்று. கொக்குவிலுக்கு வந்தவர்கள் அவ்வளவு பெரிய ஆட்கள் இல்லை. ஆனால் கலண்டர் பார்க்கத் தெரிந்தவர்கள்.

உன் வளவு எப்படிக் கிடந்தது என்று உனக்குத் தெரியும். வடலியும் நாயுண்ணிப் பத்தையும், போன மாரிக்கு விழுந்த கிளுவைக் கதியாலும். நாங்கள் மானிப்பாயிலிருந்து இடைக்கிடை போய்ப் பார்ப்பதுதான், திருவிழா நாளில் அதுவும் இல்லை. ஒரு காலமை ஆறேழு பேர் வந்து பத்தை எல்லாம் வெட்டி எரித்து, கிணற்றை இறைத்து, கப்பிக்குப் புதுக் கயிறு போட்டு, வாளி வாங்கி வைத்து, படலைக்குப் பச்சைப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மாமி நாங்கள்தான் செய்விக்கிறோம் என்று நினைத்து அவர்களுக்குத் தேத்தண்ணி வேறு போட்டுக் கொடுத்திருக்கிறா. களவெடுக்க வருகிறவன் முதலில் கூட்டித் துப்புரவாக்குவான் என்று ஆர் நினைப்பார்? ஊரில் ஒரு காணியை ஆர் துப்புரவாக்குகிறார்களோ அவர்களுடைய காணிதான் அது என்று அயல் எடுத்துக்கொள்ளும், அவ்வளவு எளிது. (அந்த வேலைக்கு நாங்கள் ஆள் பிடித்திருந்தால் நல்ல காசு போயிருக்கும் என்று அப்பா இப்போது சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.)

உறுதி எப்படி அவர்கள் கைக்குப் போனது என்று நீ கேட்டாய். நான் ஒருவரிடமும் கொடுக்கவில்லை, மூல உறுதி என் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. ஆனால் காணிப் பதிவேடு மறைத்து வைக்கிற சாமான் இல்லை, பிள்ளை. காசு கட்டினால் ஆரும் தேடலாம், பிரதியும் எடுக்கலாம். வாங்குகிறவன் ஏமாறாமல் இருக்கத்தான் அப்படித் திறந்து வைத்திருக்கிறார்கள். அதையே விற்க வருகிறவனும் பயன்படுத்துகிறான். வெறும் வளவு, சொந்தக்காரி கனடாவில் என்று ஊரில் கேட்டே அறிவான், ஈடு இல்லை, வழக்கு இல்லை என்று ஒரு பக்கத்தைப் பார்த்தே அறிந்துகொள்வான். பிறகு உன் பெயரில் ஒரு அடையாள அட்டை, அதில் வேறொருத்தியின் படம்.

இனி ஆட்களைச் சொல்கிறேன். கூத்துக்கு வேஷம் பிரித்த மாதிரி ஆளுக்கு ஒரு பாகம். ஒருவர் தரகர், நெற்றி நிறைய விபூதி, வாயைத் திறந்தால் தேன், "காசு முக்கியமில்லை அம்மா, நல்ல ஆக்களின்ர கையில போகவேணும் காணி" என்கிற கதை. ஒருவன் அண்ணன், வான் ஓடுவது அவன்தான். ஒருவன் உறுதி முடிக்கிற நொத்தாரிசுவின் கிளாக்கர், கையில் பைல், பைலுக்குள் சீல், அந்தச் சீல் உண்மையான ஒரு நொத்தாரிசுவின் பெயரில் வெட்டியது, அந்த மனிசனுக்கு ஒன்றும் தெரியாது. ஒருவனை நாங்கள் காணவே இல்லை, குரல் மட்டும்: வாங்க வந்தவர்கள் வளவுக்குள் நிற்கும்போது பார்த்துத் தரகருக்குப் போன் எடுக்கிற லண்டன்காரன், "நான் அஞ்சு லட்சம் கூடத் தாறன், எனக்கே முடியுங்கோ" என்பதுதான் அவனுடைய முழு வசனமும். கடைசியாக, நீ.

ஓம், உனக்கும் ஒருத்தி இருந்தாள். வெள்ளைச் சப்பாத்து, பெரிய கறுப்புக் கண்ணாடி, தலைமுடிக்கு மண்ணிறச் சாயம், கையில் எந்நேரமும் தண்ணிப் போத்தல். கனடாவிலிருந்து வருகிற பெண்பிள்ளை இப்படித்தான் இருப்பாள் என்று அவர்கள் நினைத்தது எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு. நீ இங்கே வந்தால் பழைய சட்டையும் என் செருப்பும் போட்டுக்கொண்டு திரிகிறவள்.

வாங்க வந்தவர்கள் சுவிஸில் இருக்கிற ஒரு குடும்பம், புங்குடுதீவு ஆட்கள். நல்ல மனிசர். ஒரு பரப்புக் காணி எண்பது இலட்சம் கேட்கிற இடத்தில் அறுபதுக்குக் கிடைக்கிறது, சொந்தக்காரி அவசரமாகத் திரும்பிப் போகவேண்டும் என்று கேட்டவுடன் அந்தக் குடும்பத்துப் பொடியனுக்குக் காலம் கூடிவந்த மாதிரி இருந்திருக்கிறது. நாலு பரப்பு, இரண்டு கோடியே நாற்பது இலட்சம். இருபது இலட்சம் அட்வான்ஸ் கொடுத்தும் விட்டார். மிச்சம் அடுத்த நாள், உறுதி எழுதும்போது.

இதில் அவர்கள் செய்த ஒரு வேலையைக் கேள், எனக்கு இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. கிளாக்கர் வேஷக்காரன் அந்தப் பொடியனைத் தனியாகக் கூப்பிட்டு, உறுதியில் விலையை அறுபது இலட்சம் என்று போடுவம், முத்திரை வரி குறையும் என்றிருக்கிறான். கணக்குப் பார்: முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், உண்மை விலைக்கு ஒன்பதரை இலட்சத்துக்கு மேல் வரும், அறுபதுக்கு இரண்டரை இலட்சம்கூட வராது. ஏழு இலட்சம் மிச்சம், எனக்கு ஒன்றைத் தாருங்கோ என்று கேட்டிருக்கிறான். பொடியனும் ஓம் என்றுவிட்டார். கேட்ட அந்த ஒரு இலட்சத்துக்காக அவன் அதைச் செய்யவில்லை என்பதுதான் விஷயம். கைநீட்டி வாங்குகிற கிளாக்கர் என்றால் உண்மையான கிளாக்கர்தான் என்று எங்கள் சனம் நம்பும், இது ஒன்று. வரியை ஒளிக்கச் சம்மதித்தவன் பிறகு பொலிசுக்குப் போகக் கூசுவான், இது மற்றது. ஒரே கல்லில் அவரை நம்பவும் வைத்து வாயையும் கட்டிவிட்டான்.

நான் வேலை செய்த கந்தோரில் நொத்தாரிசு ஐயா வேலை இல்லாத மத்தியானங்களில் ஒரு கதை சொல்லுவார். 1925 இல் விக்டர் லுஸ்ரிக் என்றொருவன் பாரிஸில் ஈபிள் கோபுரத்தையே விற்றவன். கோபுரத்தைப் பராமரிக்கச் செலவு கூடிப்போச்சு, அரசாங்கம் கழற்றி இரும்பாக விற்கப்போகிறது, வெளியில் சொல்லாதேங்கோ என்று, அரசாங்கக் கடதாசி அடித்து, தபால் தந்தி அமைச்சு அதிகாரி என்று சொல்லி, பழைய இரும்பு வியாபாரிகளைப் பெரிய ஹொட்டேலுக்குக் கூப்பிட்டிருக்கிறான். அதில் பொய்சோன் என்ற வியாபாரி அகப்பட்டார், ஆனால் அவருடைய மனைவிக்குச் சந்தேகம். லுஸ்ரிக் என்ன செய்தான் தெரியுமா, தனக்குச் சம்பளம் காணாது என்று சொல்லி மெல்ல ஒரு லஞ்சம் கேட்டான். அவ்வளவுதான், பொய்சோனுக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. காசு போன பிறகு வெட்கத்தில் அவர் முறைப்பாடே செய்யவில்லை. ஆகவே லுஸ்ரிக் திரும்பவும் பாரிசுக்கு வந்து அதே கோபுரத்தை இன்னொருக்கால் விற்கப் பார்த்தான்! அந்த முறை ஒருவர் பொலிசுக்குப் போனபடியால்தான் அவன் அமெரிக்காவுக்கு ஓடவேண்டி வந்தது. ஐயா இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "தங்கச்சி, முதல் ஆள் பேசாமல் இருந்தபடியால்தான் ரெண்டாந்தரம் வந்தவன்" என்பார். நான் அப்போது உறுதி அடித்துக்கொண்டே தலையாட்டுவேன். நீ "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றபோது எனக்கு உடனே ஐயாவின் குரல்தான் கேட்டது.

சரி, எப்படி அகப்பட்டார்கள்? கிணற்றால். சுவிஸ் பொடியனின் மாமியார் கூட வந்திருக்கிறா, எண்பது வயது இருக்கும், தீவுப்பகுதி மனுசி, தண்ணிக்குக் கஷ்டப்பட்டு வளர்ந்தவ. அவவுக்கு விலையும் வேண்டாம், எல்லையும் வேண்டாம், தண்ணி நல்ல தண்ணியோ, உவரோ, கிணற்றில் ஆருக்குப் பங்கு, அதுதான் கேள்வி. "கிணறு முழுக்க எங்களுக்குத்தான் ஆச்சி" என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அவ நம்பாமல், வேலிப் பொட்டுக்குள்ளால் மாமி வீட்டுக்கு வந்து, "தங்கச்சி, மாரியும் கோடையும் உந்தக் கிணறு எப்படி?" என்று கேட்டிருக்கிறா. மாமிக்கு அந்தக் கிணற்றில் அரைப் பங்கு, விடுவாவா. ஒரு சொல்லில் இரண்டு பேரும் கதைக்கத் தொடங்கி, அதற்குள் சொந்தக்காரி கனடாவிலிருந்து வந்து நிற்கிறாள் என்ற கதையும் வர, மாமி சொன்னா, "அவள் வந்தால் என்னட்ட வராமல் போகமாட்டாளே." உடனே எனக்குப் போன்.

அப்பா கிராம சேவகரிடம் போக, நான் ஓட்டோ பிடித்து மாமி வீட்டுக்குப் போய், அதே பொட்டுக்குள்ளால் புகுந்தேன். வேம்புக்குக் கீழே நாலைந்து பிளாஸ்ரிக் கதிரை, மேசையில் குளிர்பானம், எல்லாரும் இருக்கிறார்கள். மாமி "எங்கட சொந்தக்காரி" என்று என்னை அறிமுகப்படுத்த, நானும் ஒரு கதிரையில் இருந்தேன். எனக்கு முன்னால் நீ இருக்கிறாய்.

"பிள்ளை கனடாவோ?"

"ஓம் அன்ரி."

"எவடம்?"

"ரொறன்ரோ. டவுணுக்குள்ள."

ஸ்காபரோ என்று சொல்லியிருந்தால் நான்கூட ஒரு நிமிஷம் தடுமாறியிருப்பேன்.

"அம்மா அப்பா?"

"அப்பா என்னோட. அம்மா செத்திட்டா அன்ரி."

"எப்ப பிள்ளை?"

"கொரோனா நேரம்."

கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிறாள். நான் என்ன சொல்ல, "நல்ல மனுசி, பாவம்" என்றேன். மாமி வாயைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டா, சிரிப்போ அழுகையோ தெரியவில்லை. ஒரு ஆள் தன்னுடைய சாவுச் செய்தியைக் கேட்டுவிட்டு அதற்கு அனுதாபமும் சொல்லுவது எல்லாருக்கும் கிடைக்கிற அனுபவம் இல்லை.

பிறகு உறுதி மாதிரியை வாங்கிப் பார்த்தேன். கிளாக்கருக்குக் கொடுக்க விருப்பமில்லை, ஆச்சி "வாசிச்சுக் காட்டட்டன், எனக்குக் கண் தெரியாது" என்றபடியால் தந்தான். உன் சீதன உறுதியை அந்தக் காலத்தில் அடித்தவளே நான்தான், என்ன எழுத்து எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாதா. வரிக்கு வரி அதையே பார்த்து எழுதியிருக்கிறான்: காணியின் பெயர், பரப்பு நாலு, கிழக்கு இன்னாருடையது, வடக்கு ஒழுங்கை, எல்லாம் சரி. "அரைப் பங்கு கிணறும் வழிவாய்க்காலும்" என்று நான் அடித்த இடத்தில் "கிணறு முழுவதும்" என்று வந்திருக்கிறது. விற்பவர் பகுதியில் "இன்னாரின் மனைவி இன்னார்" என்று உன் பெயரும் மருமகன் பெயரும். கீழே கையெழுத்து வைக்கிற இடத்தில் உனக்கு ஒரு கோடு, இரண்டு சாட்சிக்கு இரண்டு கோடு, நொத்தாரிசுக்கு ஒரு கோடு. மருமகனுக்குக் கோடு இல்லை.

1840 ஆம் ஆண்டுச் சட்டம் காணி கைமாற நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் ஒன்றாக இருக்கவேண்டும் என்கிறது, அது நாடு முழுக்கப் பொது, அதை அவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். ஆனால் யாழ்ப்பாணத் தமிழரான எங்களுக்குத் தேசவழமை என்று தனிச் சட்டம் இருக்கிறது. 1911 ஆம் ஆண்டுச் சட்டப்படி எங்கள் பெண் கலியாணம் கட்டினால் தன் சீதனக் காணியைப் புருஷனின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. கொழும்புப் பக்கத்தில் பொதுச் சட்டப்படி வாழ்கிற பெண்ணுக்கு இந்தக் கரைச்சல் இல்லை, இவன் அந்தப் பக்கம் உறுதி எழுதிப் பழகியவன். எனக்கு அந்தச் சட்டத்தில் ஒருநாளும் விருப்பம் இருந்ததில்லை, உனக்கே தெரியும், என் தாய் தந்த காணிக்கு உன் அப்பா கையெழுத்து வைக்கவேண்டும் என்று எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறேன், இன்றைக்கும் அது மாறவேண்டும் என்றுதான் சொல்லுவேன். ஆனால் அன்றைக்கு அந்த வேம்புக்குக் கீழே அதுதான் உன் காணியைப் பிடித்து வைத்தது. அவ்வளவு செலவழித்து ஆள் பிடித்தவர்கள் ஒரு புருஷனுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை!

"அப்ப மருமகனும் ஒரு கையெழுத்து வைக்க வேணுமே தம்பி, தேசவழமை" என்று மெதுவாகத்தான் கேட்டேன்.

"அதெல்லாம் வெள்ளைக்காரன்ர காலத்துச் சட்டம் அம்மா. இப்ப எடுத்தாச்சு."

"எப்ப எடுத்தவை?"

அவன் தரகரைப் பார்க்க, தரகர் போனைப் பார்க்க, ஆச்சிக்குக் காது கூர்மை. "அப்ப உன்ர புருஷன் எங்க பிள்ளை? போனில எடு, நான் ஒருக்கால் கதைக்க" என்றா. "அங்க இப்ப சாமம் ஆச்சி, படுத்திருப்பார்" என்றாள் அவள். பகல் பதினொரு மணிக்கு அங்கே சாமம் என்பது சரிதான், அந்தக் கணக்கை மட்டும் யாரோ நன்றாகப் படிப்பித்திருக்கிறார்கள். ஆச்சி விடவில்லை, "இரண்டு கோடிக் காணி விக்கேக்க எழும்பமாட்டாரே?" அதோடு மாமிக்குப் பொறுக்கவில்லை. "எடியே, செத்துப்போனா எண்டியே, உவதான்ரி அந்த அம்மா!" என்று கத்திவிட்டா. அப்பாவும் கிராம சேவகரும் வரும்வரை பொறுத்திருக்கத்தான் நான் நினைத்தேன், மாமியிடம் அதைச் சொல்லி வைத்துமிருந்தேன், கேட்டால்தானே.

தரகர் படலையால், அண்ணன் வானோடு, இருபது இலட்சமும் அவர்களோடு. கிளாக்கர் பைலை விட்டுவிட்டுப் பின்வேலியால் ஏறப்போய்க் கம்பியில் காற்சட்டை கொளுவி நிற்க, அப்பாவும் கிராம சேவகரும் வந்து சேர்ந்தார்கள். பொலிஸ் வர நேரம் எடுத்தது. அவள் ஓடவில்லை. ஓட முடியவும் இல்லை, புதுச் சப்பாத்து, குதிக்கால் இரண்டும் பொக்களம் போட்டு உடைந்திருந்தது. கழற்றிவிட்டுக் கிணற்றுக்கட்டில் இருந்தாள். மாமி அவளைத் திட்டித் தீர்த்துவிட்டுப் பிறகு அவவே உப்புத் தண்ணியும் கொண்டுவந்து கொடுத்தா. ஐம்பதாயிரம் பேசி, பத்தாயிரம்தான் தந்தவையாம். சொந்தக்காரிக்கு வர லீவில்லை, அவவின் சம்மதத்தோடுதான், ஒரு கையெழுத்துக்கு மட்டும் நிற்கவேண்டும் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தார்களாம். அரைவாசிதான் நம்பினேன், கொரோனாவில் என்னைச் சாகடித்துக் கண்ணைத் துடைத்தவள் அல்லவா. ஆனால் பொலிஸ் ஏற்றும்போது திரும்பி, "அன்ரி, உண்மையாவே நீங்கள்தான் அவவின்ர அம்மாவோ?" என்று கேட்டாள், அந்தக் கேள்வி நடிப்பில்லை. அவளும் கிளாக்கரும் இப்போது விளக்கமறியலில்.

இனிமேல்தான் உன் விஷயம். அந்தச் சுவிஸ் பொடியன் முறைப்பாடு எழுதிக் கொடுக்க மாட்டேன் என்று நின்றார். ஊரில் சிரிப்பார்கள், சுவிஸில் சிரிப்பார்கள், முத்திரை வரிக் கதையும் வெளியில் வரும், இருபதோடு போகட்டும் என்றார். ஆச்சிதான் "காசு போனது உனக்கு, வெக்கம் அவனுக்கு" என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனா. போகாமல் இருந்திருந்தால் அந்தத் தரகர் அடுத்த வருஷக் கொடியேற்றத்துக்கு வேறொரு ஒழுங்கையில் நின்றிருப்பார், இப்போதும் நிற்கலாம், ஆனால் இப்போது அவருடைய படம் ஒரு பைலில் இருக்கிறது. நீயும் பேசாமல் விற்றுவிட்டு இருந்தால் வழக்கில் சொந்தக்காரி இல்லாமல் போய்விடும், கிளாக்கரின் சட்டத்தரணி அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

கள்ள உறுதியைப் பதிந்தால் காணி அவர்களுடையதாகிவிடும் என்று நீ பயந்தாய். அப்படி இல்லை. எங்கள் நாட்டில் பதிவு என்பது ஒரே காணிக்கு இரண்டு உறுதி வந்தால் எது முந்தும் என்று பார்க்கத்தான், நீ வைக்காத கையெழுத்தை அது உன் கையெழுத்தாக்காது. ஆனால் அதை நீதிமன்றத்தில் காட்டி முடிக்க எத்தனையோ வருஷம் இழுபடும், அதற்குள் வாங்கினவன் மதில் கட்டி, அத்திவாரம் போட்டு, இன்னொருவனுக்கு விற்று, ஈடு வைத்து... நான் கந்தோரில் கண்ட வழக்குகள் சிலது தாயில் தொடங்கிப் பேரப்பிள்ளையில் நின்றன. அதனால் பதிவேட்டில் ஒரு கேவியற் போட்டுவிடுவோம், இந்தக் காணிக்கு ஏதாவது பதிய வந்தால் எங்களுக்கு அறிவித்தல் வரும். அது காலம் முடிய முடியப் புதுப்பிக்கவேண்டியது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பெரியப்பாவின் மகன் நல்ல பிள்ளை, அவனில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பொது அற்றோர்ணி எழுதிக் கொடுத்தால் விற்கலாம், ஈடு வைக்கலாம், எல்லாம் செய்யலாம். அவன் செய்யமாட்டான், அந்தக் கடதாசி வேறு ஆருடைய கைக்கும் போகாது என்று ஆர் சொல்லுவது? வழக்குக்கு ஆள் நிற்கவேண்டும் என்றால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் என்று எழுதி விசேட அற்றோர்ணி கொடு, எனக்கே கொடு. அவனுக்கு மனவருத்தம் வந்தால் நான் கதைக்கிறேன். காணியை விற்கிறதென்றால் வழக்கு முடிய, நீங்கள் இரண்டு பேரும் வந்து, மாமிக்கும் சொல்லி, ஆறுதலாக விற்கலாம்.

இப்போது செய்யவேண்டியது: ரொறன்ரோவில் எங்கள் துணைத் தூதரகத்துக்கு நீயும் மருமகனும் போய், நீ இந்தக் காலத்தில் இலங்கைக்கு வரவில்லை, ஒருவருக்கும் காணி எழுதிக் கொடுக்கவில்லை, சம்மதமும் தரவில்லை என்று சத்தியக் கடதாசி முடித்து அனுப்புங்கள். பாஸ்போட்டின் எல்லாப் பக்கமும் பிரதி வேண்டுமாம். வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பாதே, கடதாசியாகவே கூரியரில் அனுப்பு, என் பெயருக்கு. அடுத்த தவணைக்கு முன்னம் வந்தால் நல்லது என்று சட்டத்தரணி சொல்கிறார்.

அப்பா உனக்குப் போன் எடுத்து வளவைச் சுற்றி மதில் கட்டக் காசு கேட்பார். அனுப்பாதே. மதில் கட்டினால் மாமி கிணற்றுக்கு வருகிற பொட்டு அடைபட்டுப் போகும். நான் சொன்னதென்று சொல்லாதே.

அம்மா